அம்மா எடுத்த இரண்டு முடிவுகள்

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது அம்மா மறைந்து ஓராண்டு ஆகியிருக்கும். துக்கம் கேட்க வந்தவர்களில் பலர் என்னிடம் ஒன்றையே கேட்டார்கள்: "அந்த வயசுல அம்புட்டுப் பெரிய ஆபரேஷனைச் செய்யச் சொன்னது யாரு?" அண்ணன்தான் என்று சிலர் நினைத்தார்கள். வெளியூரில் ஆசிரியையாக இருக்கும் நான்தான் என்று சிலர். இருவரும் இல்லை. ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது விளாத்திகுளத்துக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்தில். கடம்பூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தார். அண்ணனும் நானும் சிறுபிள்ளைகளாக இருக்கும்போதே அப்பா மஞ்சள் காமாலையில் காலமானார். அதன்பிறகு மானாவாரி நிலத்தை அம்மாவே பார்த்தார். மழை பெய்த வருடம் பருத்தி, மிளகாய், உளுந்து. பெய்யாத வருடம் தீப்பெட்டி ஆபீசில் கூலி வேலை. அண்ணன் கோவில்பட்டியில் மளிகைக் கடை வைத்து நிமிர்ந்த பிறகும் அம்மா நிலத்தை விடவில்லை. கோபக்காரர். சண்டை போட்டால் தானாகப் போய்ச் சமாதானம் பேசமாட்டார். இதை எழுதாமல் விட்டால் அவரை அறிந்தவர்கள் சிரிப்பார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில், அம்மாவுக்கு எழுபத்துமூன்று வயதானபோது, மலத்தில் இரத்தம் போகத் தொடங்கியது. பல மாதம் யாரிடமும் சொல்லவில்லை. மெலிந்துபோனதைப் பார்த்து அண்ணனின் மனைவி, எங்கள் மதினி, விடாமல் கேட்டு அறிந்தார். மதுரையில் சதை எடுத்துச் சோதித்தார்கள். மலக்குடலில் புற்றுநோய் என்று வந்தது. டாக்டர் அண்ணனையும் என்னையும் தனியே அழைத்துச் சொன்னார். ஆபரேஷன் செய்யலாம், ஆனால் பெரியது, இந்த வயதில் ஆபத்தும் உண்டு, யோசித்து வாருங்கள் என்றார்.

யோசித்தோம். வேண்டாம் என்று முடிவு செய்தோம். அம்மாவிடம் மூலநோய் என்று சொல்லி, கோவில்பட்டியில் அண்ணன் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். அது இரக்கம் என்றே இருவரும் நினைத்தோம்.

ஒரு வாரம்தான் தாங்கியது. சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அம்மா அண்ணனிடம் கேட்டார்.

"ஏலே, மூலத்துக்கு மதுரை வரைக்கும் போயி சதை எடுத்துப் பாப்பாகளா? ஊரே ஆரஞ்சுப் பழத்தோட வருது. எனக்கு என்னன்னு எனக்கு மட்டுந்தான் தெரியலை."

அண்ணன் சொல்லிவிட்டார். சொல்லி முடித்து, "இந்த வயசுல அறுத்துக்கிட்டு எதுக்கும்மா கஷ்டப்படணும்? டாக்டரே யோசிக்கத்தான் சொல்லுதாரு" என்றார்.

"யாரை யோசிக்கச் சொன்னாரு? உன்னையா, என்னையா?"

 அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "எழுபத்திமூணு வயசுன்னா உசிரு மேல ஆசை இருக்கக் கூடாதாலே?" என்றார். கோபமாகக் கூட இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

மறுபடி மதுரைக்குப் போனோம். இந்த முறை அம்மாவே பேசினார்.

"செய்யாம விட்டா எப்படிச் சாவேன், அய்யா?"

டாக்டர் மறைக்காமல் சொன்னார். அடைப்பு வரும், வலி வரும். செய்தால் ஆபரேஷன் மேசையிலேயே உயிர் போகவும் கூடும். பிழைத்தால் சில வருடம் நன்றாக இருக்கலாம், உறுதி சொல்ல முடியாது. ஆசனவாயையும் சேர்த்து எடுத்துவிடுவதால், வயிற்றில் ஒரு துளை வைத்து, மலம் பையில் வந்து விழும்படி செய்யவேண்டும். ஆயுள் முழுக்க அந்தப் பையோடுதான் இருக்கவேண்டும்.

"பையோட குனிஞ்சு மிளகாப் பழம் எடுக்கலாமா?"

"எடுக்கலாம். பாரம் தூக்கக் கூடாது."

"அப்படின்னா செஞ்சிருங்க."

அது விதைப்புக் காலம். நிலத்தைப் பற்றி அண்ணன் தயங்கியபோது, "நிலம் எங்கயும் ஓடிப் போயிராது" என்று முடித்துவிட்டார்.

எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று எழுத இயலாது. உயிர் பிழைத்தார். ஆனால் புண் ஆற வெகுநாள் ஆயிற்று. வீட்டுக்கு வந்தபின் பல மாதம் வெளியே தலைகாட்டவில்லை. பை கசியுமோ, வாடை வருமோ என்று அஞ்சி அரை வயிறுதான் சாப்பிட்டார். தன் தம்பி மகன் கல்யாணத்துக்குப் போகவில்லை. "செஞ்சிருக்க வேண்டாமோ" என்று மதினியிடம் ஒருநாள் சொல்லியிருக்கிறார்.  மதினி பழைய சேலையைக் கிழித்து, பை அசையாமல் இருக்க இடுப்புப் பட்டி ஒன்று தைத்துக் கொடுத்தார். பையைக் கழுவும் வேலையை அம்மா கொஞ்சம் கொஞ்சமாகத் தானே செய்யப் பழகினார். மறுவருடம் விதைத்து, மாசியில் எங்கள் புஞ்சைக் காட்டில் மிளகாய்ப் பழம் எடுத்தார். சாயங்காலம் கூலி ஆட்களோடு சண்டையும் போட்டார். அதன்பிறகுதான் எங்களுக்கு நிம்மதி வந்தது.

புதூர்ப் பக்கமிருந்து ஒரு பெண்மணி தன் கணவரோடு தேடி வந்தார். அந்தப் பெண்மணிக்கும் இதே நோய், இதே ஆபரேஷனைச் செய்யச் சொல்லியிருந்தார்கள். அம்மா அவரை உள்ளே அழைத்துப்போய்ச் சேலையை விலக்கிக் காட்டினார். அந்தப் பெண்மணி, "நான் என்ன செய்யட்டும், அக்கா?" என்று அழுதார். "நான் செஞ்சேன். நீயும் செய்யின்னு சொல்ல மாட்டேன். அது உன் வயிறு, நீதான் சொல்லணும்" என்றார் அம்மா. அவருக்குக் காப்பி போடச் சொன்னார்.

ஐந்தாவது வருடம் நோய் ஈரலுக்குப் பரவியது. மறுபடி ஒரு ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்றார் டாக்டர். முன்பு தயங்கிய அண்ணன் இப்போது உடனே பணம் கட்டப் புறப்பட்டார். அம்மா வேண்டாம் என்றார்.

"அன்னைக்கு மட்டும் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னியே!" என்றார் அண்ணன். 

"அன்னைக்குச் சாக மனசில்லை. இன்னைக்கு ஆஸ்பத்திரியில கிடக்க மனசில்லை. அம்புட்டுத்தான்லே."

நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். "ஏட்டி, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகலையா?" என்றார். அன்று விடுமுறை.

இந்த முறை சிகிச்சை வலிக்கு மட்டும்தான். மூன்று மாதத்துக்கும் மேல் கோவில்பட்டி வீட்டில் இருந்தார். அந்த நாட்களில், எங்களோடு பேச்சை நிறுத்தியிருந்த ஒரு பங்காளி வீட்டார் வந்தார்கள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்களும் இந்த மலரைப் பெறுகிறார்கள். அவர்கள் வந்ததை நாங்கள் மறக்கவில்லை.

மறைக்காமல் அம்மாவிடமே பேசிய மதுரை டாக்டருக்கும், வலிக்கு ஊசி போட வீட்டுக்கே வந்துபோன நர்ஸ் அம்மாவுக்கும், வேளை பாராமல் வண்டி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கும், இறுதிச் சடங்கில் உடன் நின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மதினி தனக்கு நன்றி எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் எழுதவில்லை. கடைசி நாளில் அண்ணனும் நானும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். அம்மா கண்ணைத் திறந்து எங்களைத் தாண்டிப் பார்த்து, "அவ எங்கன?" என்று கேட்டார். மதினி அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு வந்தார். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு எதுவும் கேட்கவில்லை.