ஆளில்லாத அருவி வேண்டும்

போன வாரம் கனடாவிலிருந்து மகள் வீடியோ காலில் வந்தாள். இந்த வருடமும் ஊருக்கு வர லீவு கிடைக்கவில்லையாம். "புது வீட்டு ஹால்ல நம்ம ஊர் அருவி ஒண்ணு பெருசா மாட்டணும். ஆளே இல்லாம எடுத்து அனுப்புங்கப்பா" என்றாள்.

இதெல்லாம் ஒரு வேலையா? கேமரா இருக்கிறது. மார்கழிப் பனி இருக்கிறது. போடிமெட்டுச் சரிவில் எனக்குத் தெரிந்த அருவி ஒன்றும் இருக்கிறது – பெயர் சொல்ல மாட்டேன், இருக்கிற கூட்டம் போதும்! விடிந்ததும் போய்விட்டால் ஈ, காக்கை இருக்காது.

ஒரே ஒரு தப்பு செய்தேன். ஜீப்புக்காக, பக்கத்து ஊர் சிலமலையில் இருக்கும் மச்சினனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

ஞாயிறு காலை போடியில் எங்கள் வாசலில் ஜீப்பு வந்து நின்றது. உள்ளே அவன், அவன் மனைவி, அவளுடைய தங்கை குடும்பம், தூக்குவாளியில் புளிச்சோறு, நல்லெண்ணெய், சீயக்காய்...

"மாப்ளே, போட்டோ எடுக்கத்தானே போறோம்?" என்றேன்.

"எடுங்க மச்சான், யாரு வேணாம்னா? அருவிக்குப் போயிட்டுக் குளிக்காம வந்தா ஊருல சிரிக்க மாட்டாக? வெரசா ஏறுங்க!"

திரும்பிப் பார்த்தால், என் மனைவி துண்டோடு பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். கூட்டுச் சதி!

ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளுக்கு வழிவிட்டு, வளைந்து வளைந்து ஏறினோம். அருவியில் ஒரு ஆள் இல்லை. பனி அப்படியே நின்றது. ஆகா! டிரைபாடை விரித்து நிமிர்கிறேன்... தலையில் எண்ணெய் வழிய மொத்தக் குடும்பமும் தண்ணீருக்குள் நிற்கிறது.

"கொஞ்சம் ஒதுங்குங்கப்பா, வெயில் ஏறுது!"

"இந்தா வந்துர்றோம் மச்சான்!"

வந்தார்களா? வெயில்தான் வந்தது. பனி போனது. பின்னாலேயே ஒரு டூரிஸ்ட் வேனும் வந்து சேர்ந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டது ஒரே ஒரு படம். அதுவும் போச்சு!

வெறுத்துப்போய் ஒரு கிளிக் தட்டினேன். மச்சினன் குளிரில் அலறுகிறான், என் மனைவி பல் கிடுகிடுக்கச் சிரிக்கிறாள். அருவி எங்கேயோ பின்னால் தெரிகிறது. 'மன்னிச்சிரும்மா, இதான் கிடைச்சது' என்று மகளுக்கு அனுப்பிவைத்தேன்.

உடனே கால் வந்தது. "அம்மா இப்படிச் சிரிச்சுப் பார்த்து எவ்வளவு நாளாச்சு! மாமா என்ன சொல்லிக் கத்துறாரு? தண்ணி ஐஸா இருந்துச்சாப்பா?" அழுகையும் சிரிப்புமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அருவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஹாலில் இந்தப் படத்தைத்தான் மாட்டப் போகிறாளாம்.

மச்சினனிடம் இன்னும் சொல்லவில்லை. தெரிந்தால், அடுத்த தடவை ஊரையே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவான்!