குவைத்திலிருந்து பன்றி வளர்த்தவன்

வெள்ளிக்கிழமை டூட்டி கிடையாது. குவைத்தின் மங்காஃபில் கீழக்கரை பாய் ஒருவரின் மளிகைக் கடையில் போன் கார்டு வாங்கி, அங்கேயே ஓரமாக நின்று வீட்டுக்குப் பேசுவேன். "கடைக்குள்ள பன்னி, பன்னின்னு கத்தாதய்யா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று பாய் ஒருநாள் சிரித்துக்கொண்டே கும்பிட்டார். அன்றிலிருந்து எங்கள் பன்றிகளுக்கு வெள்ளைக்காரங்க என்று பேர். வெண்பன்றிகள்தானே, பொய்யும் இல்லை.

"வெள்ளைக்காரங்க சாப்பிட்டாங்களா?" என்றுதான் பெண்டாட்டியிடம் ஆரம்பிப்பேன்.

"அவங்களுக்கென்ன, சாப்பிட்டாங்க. நான் சாப்பிட்டேனான்னு கேளுங்க" என்பாள்.

வீட்டுக் கிணற்றடியில் பன்றிக் கொட்டகை போட்டதே நான் ஊரோடு வந்துவிடுவதற்குத்தான். சைட்டில் வெயில், கேம்ப்பில் காய்ந்த ரொட்டி, லீவுக்குக் கஃபீல் என்கிற அரபி முதலாளி முன்னால் கை கட்டி நிற்பது, எல்லாம் போதும் போதும் என்றாகியிருந்தது. பன்றி ஒரு ஈத்துக்குப் பத்துக் குட்டி போடும், போட்டதைத் தின்று மளமளவென்று வளரும், சாணம் தென்னைக்கு ஆகும். கெட்டதும் இல்லாமலில்லை. நாற்றம் தாங்காது. காய்ச்சல் வந்தால் கொட்டகையே காலி. சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். குடிக்காவிட்டால் போகட்டும், அதற்கு முன்னால் வந்து என்னத்தைக் கிழித்தார்கள்? பாவம், அத்தனை பாடும் அவளுக்குத்தான். கல்யாண மண்டபங்களில் மீந்ததை மொபெட்டில் வாரிக்கொண்டு வந்து, டிரம்மில் கொதிக்கவைத்து ஊற்றுவாள்.

ஆனியில் லீவு கிடைத்தது. பாய் ஒரு அத்தர் பாட்டிலைக் கையில் திணித்தார். கல்ஃபிலிருந்து இறங்குகிற எவன் மணக்காமல் இறங்கியிருக்கிறான்? நானும் தாராளமாகப் பூசிக்கொண்டு, பெட்டியை வைத்த கையோடு கொட்டகைக்குள் நுழைந்துவிட்டேன்.

தாய்ப்பன்றி அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. மூக்கைத் தூக்கி மோந்தது, உறுமிக்கொண்டு பாய்ந்தது. குட்டிகள் அதன் காலடியில் சிதறி ஓடின. அவள் என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப்போட்டாள்.

"உங்க வாடையே அதுக்குத் தெரியாது, இதுல அத்தர் வேற. வெளியவே நில்லுங்க."

குளித்துவிட்டு வந்தேன். அப்போதும் அவள் உள்ளே விடவில்லை. என் நிலம், என் கொட்டகை, நான் சுவருக்கு வெளியே. ஆத்திரமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

சாயந்திரம் அவள் டிரம்மைக் கிண்டிக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன். "நான் திரும்பிப் போகலைன்னா என்னவாம்?"

அவள் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள். "ஆடி பொறக்கப் போகுது. கல்யாணம் இருக்காது, மண்டபத்தைப் பூட்டிருவாங்க. தீவனத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்கணும். நீங்க அங்கயிருந்து அனுப்பினாத்தான் உண்டு."

எந்தப் பன்றியை நம்பி ஊருக்கு வர நினைத்தேனோ, அதற்குத் தீனி போடவே மறுபடி விமானம் ஏறினேன். கிளம்புகிற அன்றைக்கு, நான் போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றைத் துவைக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டாள். கொட்டகையில் தொங்கவிடுவாளாம். அடுத்த தடவை நான் வரும்போது அதுகளுக்கு என் வாடை பழகியிருக்க வேண்டுமாம்.

மங்காஃபுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமையே போன் போட்டேன். "சட்டையைத் தொங்கவிட்டியா? மோந்து பாக்குதா?"

"கொட்டகையில போட மனசு வரலைங்க. என் தலைமாட்டுல வச்சிருக்கேன்."