அக்காவின் பதினெட்டாவது பிறந்தநாளும் சித்தப்பாவின் மணல் மூட்டைகளும்

உலகத்தில் இதுவரை பிறந்தவர்களில் அதிகம் பேரை உயரத்துக்குக் கொண்டுபோனவர் என் சித்தப்பாதான். பேரரசர்கள், மகான்கள், ராக்கெட் விடுகிறவர்கள் எல்லாரும் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கலாம். அவர்கள் ஏற்றிவிட்டதோடு சரி. சித்தப்பா பத்திரமாகக் கீழேயும் இறக்கிவிடுவார். சூரியனை அவர் பொறுப்பில் விட்டிருந்தால் மாதம் ஒருமுறை கிரீஸ் போட்டு, சத்தமில்லாமல் ஏற்றி இறக்கியிருப்பார் என்பது என் கருத்து.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பல கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் கையில். நாங்கள் குடியிருக்கும் ஒன்பது மாடிக் கட்டடத்தின் ஒரே லிஃப்டும் அதில் சேர்த்தி. உள்ளே இருக்கும் சிவப்புப் பொத்தானை யாராவது அழுத்தினால் நாலாவது மாடியில் சித்தப்பா வீட்டில் மணி அடிக்கும். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ரொம்பச் சிரிப்பு வந்தால் மூக்கைச் சொறிந்துகொள்வார்.

வேலையில் அவருக்கு இரண்டு பிடிவாதம். முதலாவது, எந்த லிஃப்டிலும் ஆள் ஏறுவதற்கு முன்னால் மணல் மூட்டை ஏற வேண்டும். மூட்டை பத்திரமாகப் போய் வந்தால்தான் மனிதனுக்கு அனுமதி. இரண்டாவது, மொட்டை மாடி மோட்டார் அறையில் மெயின் ஸ்விட்சை இறக்கினால், இறக்கிய கையோடு 'ஆள் வேலை செய்கிறார், தொடாதே' என்ற தகரப் பலகையை அதில் மாட்டிவிட வேண்டும். மாட்டியவரைத் தவிர வேறு யாரும் அதைக் கழற்றக் கூடாது. எவனோ உள்ளே கம்பியில் கை வைத்திருப்பான், வெளியே ஒரு புத்திசாலி வந்து ஸ்விட்சைப் போட்டுத் தொலைப்பான் என்பது அவர் பயம். ஒருமுறை அவர் மாட்டிய பலகையை நான் உதவி என்று நினைத்துக் கழற்றிக் கொடுத்தேன். அதை வாங்கி, மறுபடி மாட்டிவிட்டு, பிறகு அவரே கழற்றினார்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் அவருடைய அண்ணன் மகள், ஒரு மாடி கீழே குடியிருப்பு. ஒன்பதாம் வகுப்பை இரண்டாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன். முதல்முறை எனக்குப் போதும் என்றிருந்தது, பள்ளிக்கூடத்துக்குப் போதவில்லை. குடித்தனக்காரர்களின் பெயர்ப்பலகைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடி மாற்றி மாட்டியதிலிருந்து கட்டடத்தில் எனக்குக் குட்டிச்சாத்தான் என்று பெயர். சித்தப்பா மட்டும் அன்று ஒவ்வொரு மாடியாகப் பார்த்துவிட்டு, ஆணியெல்லாம் நேராகத்தான் அடித்திருக்கிறாள் என்று அப்பாவிடம் சொன்னார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சித்தப்பாவின் ஒரே மகளுக்கு, அதாவது எங்கள் அக்காவுக்கு, பதினெட்டு வயது ஆகவிருந்தது.

அவளுடைய பதிமூன்றாவது பிறந்தநாளில் சித்தப்பா கட்டடத்தின் மேல்மாடிப் பொது ஹால் வாசலில் நின்று குழந்தைகளை ஆறு ஆறு பேராக உள்ளே அனுப்பினார். பாட்டுப் போட்டு எல்லாரும் ஆடத் தொடங்கியதும் நடுவில் வந்து நின்று, எல்லாரும் ஒரே நேரத்தில் குதிக்க வேண்டாம், பாதிப் பேர் மேலே போகும்போது பாதிப் பேர் கீழே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். அவர் கேட்டுக்கொண்டதில் தப்பில்லை, தளம் பழையது. ஆனால் அடுத்த நாளிலிருந்து வகுப்பில் அக்காவின் பெயர் 'ஓவர்லோடு'. பள்ளி முடிகிறவரை அந்தப் பெயர் அவளை விடவில்லை.

ஆகவே இந்தமுறை அவள் முன்னாடியே வந்து சொல்லிவிட்டாள்.

"அப்பா, சாயங்காலம் மேல ஹால்ல ஃப்ரெண்ட்ஸ் மட்டும்தான். கோவிச்சுக்கக் கூடாது."

"இதுல கோவிக்க என்னம்மா இருக்கு. விளையாட்டு, பொழுதுபோக்கு ஏற்பாடெல்லாம் நான் பார்த்துக்கட்டுமா?"

"பாருங்க. ஆனா ஏற்பாடு பண்ணிட்டு நீங்க கீழ வந்துடணும்ப்பா."

சித்தப்பா தலையாட்டினார். மெக்கானிக் தான் பழுது பார்த்த லிஃப்டிலேயே உட்கார்ந்து போய்வந்துகொண்டிருப்பதில்லை, வேலை முடிந்தால் இறங்கிவிடுவதுதான் முறை என்று பிறகு சித்தியிடம் விளக்கினார். சித்தி ஒன்றுமே கேட்டிருக்கவில்லை.

அந்த வாரம் அவர் ஒரு நீலச் சட்டை வாங்கிவந்தார். எதற்கு என்று சித்தி கேட்டாள். கடையில் இருந்தது என்றார். அதை அலமாரியில், காக்கிச் சட்டைகளுக்கு நடுவில், அட்டையைக்கூடக் கிழிக்காமல் மாட்டிவைத்தார். அந்தச் சட்டை என் கண்ணில் படாமல் இருந்திருந்தால் பலருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏற்பாடு தொடங்கியது. முதலில் மேஜிக்காரர் வந்தார். காலிப் பெட்டி ஒன்றைக் காட்டி, மூடித் திறந்து, அதிலிருந்து ஒரு புறாவை எடுத்தார். நான் கைதட்டினேன். சித்தப்பா பெட்டியை வாங்கி, திருப்பி, அடியில் இருந்த இன்னொரு தட்டைத் தட்டிப் பார்த்து, இந்தக் கீல் ரொம்ப நாள் தாங்காது, புறா நசுங்கிவிடும் என்றார். பிறகு தன் எண்ணெய்க் குப்பியை எடுத்துவந்து இரண்டு சொட்டு விட்டுக் கொடுத்தார். மேஜிக்காரர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை.

அடுத்தவர் பலகுரல் கலைஞர். ரயில், கோழி, கோபக்கார மேனேஜர், தொண்டை கட்டிய மேனேஜர் என்று வரிசையாகச் செய்தார். ஒவ்வொன்றும் முடிந்ததும் சித்தப்பா, இது யார் என்று கேட்டார். கேலியாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான். போகும்போது அந்த மனிதருக்குச் சொந்தக் குரலே சரியாக வரவில்லை.

பிறகு நாற்காலி விளையாட்டு. பாட்டு நின்றதும் ஓடிப்போய் உட்கார வேண்டும், இடம் கிடைக்காதவர் வெளியே. இதற்குச் சோதனை ஓட்டம் வேண்டும் என்றார். ஹாலில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு மணல் மூட்டையை உட்காரவைத்தார். நான் பாட்டைப் போட்டு நிறுத்துவேன். நிறுத்தியதும் அவர் ஒரு மூட்டையைத் தூக்கி, தலைக்கு மேல் பிடித்து, அடுத்த நாற்காலியில் தொப்பென்று போடுவார். மூன்று நாற்காலிகள் காலை விரித்தன. சித்தி காபி கொண்டுவந்தவள், யார் ஜெயிக்கிறது என்று கேட்டாள். மூட்டைதான் என்றேன்.

கடைசியில் புதையல் வேட்டை என்று முடிவானது. என் யோசனை அது. ஒவ்வொரு மாடியிலும் ஒரு துப்பு ஒளிந்திருக்கும், அதைப் படித்து லிஃப்டில் அடுத்த மாடிக்குப் போக வேண்டும், முடிவில் புதையல். லிஃப்ட் என்ற சொல் காதில் விழுந்ததுமே சித்தப்பா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இதற்கும் மூட்டைகளை வைத்து ஒத்திகை பார்த்தோம். மூட்டைகளுக்குக் காகிதத் தொப்பி போட்டது மட்டும் என் சொந்த முயற்சி. ஆறாவது மாடியில் கதவு திறந்தபோது அங்கே குடியிருக்கும் வாத்தியார் உள்ளே பார்த்தார். பெரிய தொப்பி, சின்னத் தொப்பி எல்லாவற்றையும் பார்த்தார். மன்னிக்கவும், அடுத்த லிஃப்டில் வருகிறேன் என்று ஒதுங்கினார். கட்டடத்தில் இருப்பதே ஒரு லிஃப்ட்தான் என்று நான் முன்பே சொல்லியிருக்கிறேன். சித்தப்பா இரண்டு மாடி தாண்டும்வரை மூக்கைச் சொறிந்துகொண்டே வந்தார்.

பிறந்தநாள் வந்தது. சித்தப்பா விளக்குச் சரங்களைக் கட்டினார், நாற்காலிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார், மின்விசிறியின் கீழே நின்று காது கொடுத்துக் கேட்டார். தோழிகளின் பேச்சுச் சத்தம் கேட்டதும் தன் கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு படிவழியாக இறங்கிப்போனார். லிஃப்ட் விருந்தாளிகளுக்காம். அக்கா அவர் போவதைப் பார்த்தாள். கூப்பிட வாயெடுத்த மாதிரி இருந்தது, அதற்குள் யாரோ அவள் தோளில் தட்டிப் பரிசைக் கொடுத்தார்கள்.

கத்தி எடுக்க என்னைக் கீழே அனுப்பினார்கள். சித்தப்பா வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவர் அணைத்து வைத்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நீலச் சட்டை போட்டிருந்தார்.

"வீட்டுக்குள்ள உட்கார யாராவது புதுச் சட்டை போடுவாங்களா?" என்று சித்தி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மடிப்பு எடுக்கட்டும்னுதான்," என்றார்.

கத்தியை எடுத்தேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய மோட்டார் அறைச் சாவியையும் எடுத்தேன். எனக்குப் பொழுது போகவில்லை. காரணம் அவ்வளவுதான்.

வேட்டை ஆரம்பித்து, அக்காவும் தோழிகளும் லிஃப்டில் கும்மாளமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் மொட்டை மாடிக்குப் போய் மோட்டார் அறையைத் திறந்தேன். அங்கே லிஃப்டின் இரும்புக்கயிறு ஓடுவது கண்முன்னால் தெரியும். மெயின் ஸ்விட்சை இறக்கினேன். கயிறு நின்றது. ஸ்விட்சை இறக்கிய கை, பழக்கத்தில், பக்கத்தில் கிடந்த தகரப் பலகையை எடுத்து மாட்டிவிட்டது. நான் ஓடிப்போய் வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். பயப்பட ஒன்றுமில்லை, உள்ளே விளக்கும் விசிறியும் பேட்டரியில் ஓடும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.

வீட்டில் மணி அடித்ததும் சித்தப்பா கருவிப்பெட்டியோடு படிகளைத் தாண்டித் தாண்டி ஏறி வந்தார். அறைக்குள் போனவர் ஒரு கணம் நின்றார். பிறகு ஸ்விட்ச் பக்கமே போகாமல் கருவிப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, லிஃப்டுக்குள் பேசும் போனை எடுத்தார். இத்தனை வருட அனுபவத்தில் இறங்கிக் கிடக்கும் ஸ்விட்ச் கண்ணில் படவில்லையே, மனிதருக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தேன். அந்தப் பழைய போனில் மறுமுனைப் பேச்சு அறைக்கு வெளியேயும் கேட்கும். உள்ளே ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள்.

"மெக்கானிக் பேசறேன். லைட் எரியுதாம்மா? ஃபேன் ஓடுதா?"

இரண்டும் ஓடுகிறது என்று பல குரல்கள் சொல்லின.

"அப்ப உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. எங்க வீட்டுல ரெண்டும் சேர்ந்தாப்ல ஓடி நான் பார்த்ததில்லை."

அழுத பெண் பாதியில் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர் பேசிக்கொண்டே போனார். பல வருடம் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் லிஃப்டில் மாட்டி, கதவு திறந்தபோது ஒரே கட்சியாகச் சேர்ந்து தன்னைத் திட்டியதைச் சொன்னார். மீன் தொட்டியோடு மாட்டிய ஒருவர், மீனுக்கு மூச்சு முட்டுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டதையும், கூடவே நின்ற மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காததையும் சொன்னார். எதையும் நகைச்சுவையாகச் சொல்லவில்லை, வேலை விவரம் சொல்வது மாதிரிதான் சொன்னார். லிஃப்டே குலுங்குகிற அளவுக்குச் சிரித்தார்கள். புதையலை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

அங்கிள், நீங்க எப்பவாவது மாட்டியிருக்கீங்களா என்று ஒருத்தி கேட்டாள்.

சித்தப்பா போனை மறு காதுக்கு மாற்றினார்.

"ஒரே ஒரு தடவை. ஆஸ்பத்திரி லிஃப்ட்ல. என் பொண்ணு பிறந்த அன்னைக்கு. மேல குழந்தை அழுதுட்டிருக்கு, நான் ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கறேன். ஊர் லிஃப்டை எல்லாம் ரிப்பேர் பண்றவன், உள்ள இருந்துக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியலை. வெளிய வர்றதுக்குள்ள சொந்தக்காரங்க எல்லாரும் பார்த்துட்டு வீட்டுக்கே கிளம்பிட்டாங்க. கடைசியாப் பார்த்தது நான்தான்."

சிரிப்பு நின்றது. பிறகு அக்காவின் குரல் கேட்டது.

"இதை ஏம்ப்பா எங்கிட்ட சொன்னதே இல்லை?"

"மெக்கானிக் லிஃப்ட்ல மாட்டினதை வெளிய சொல்லிக்க முடியுமாம்மா?"

உள்ளே ஏதோ முணுமுணுப்பு. தோழிகள் அவளை இடித்திருக்க வேண்டும்.

"அப்பா, லிஃப்டைச் சரி பண்ணிட்டு நேரா ஹாலுக்கு வாங்க. கேக் இன்னும் வெட்டலை. காக்கிச் சட்டையை மட்டும் மாத்திட்டு வந்துடுங்க."

"மாத்தித்தான் இருக்கேன்."

எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் எப்போதும் தூசி அதிகம்.

"ஆனா குதிக்கும்போது ஒண்ணும் சொல்லக் கூடாது," என்றாள் அக்கா. குரல் மூக்கடைத்த மாதிரி இருந்தது.

"சொல்ல மாட்டேன். பார்த்துக்கிட்டு இருப்பேன்."

அழுத பெண் இப்போது தெளிவான குரலில், அங்கிள், லிஃப்ட் எப்போ கிளம்பும் என்று கேட்டாள்.

"அது என் கையில இல்லைம்மா. ஆள் வேலை செய்யறார்னு போர்டு மாட்டியிருக்கு. மாட்டினவங்க வந்து கழட்டணும்."

சித்தப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டார். இன்னொரு கை மூக்கைச் சொறிந்தது. தொட்டிப் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"வா. எழுத்து சுவத்தைப் பார்த்து இருக்கு. முதல்ல ஒழுங்கா மாட்டு, அப்புறம் கழட்டு."