பின்னால் புரட்டிய கை

குவாபராவுக்கு உட்கார்ந்து படிக்க வராது. பத்திரிகை அலுவலகத்தில் இருந்த காலத்திலேயே ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டேதான் படிப்பாள். அந்த வேலையை விட்ட பிறகு, ஒகிகுபோவில் தங்கையோடு இருக்கும் வீட்டிலிருந்தே, காமிக்ஸ் வரைகிறவர்களுக்குத் தனித்தனியாகத் துணை நின்று கதையைத் திருத்திக் கொடுத்துவந்தாள். ஒரு நேரத்தில் ஒரே ஆள்தான். அவர் புலம்பினால் கேட்க வேண்டும், சாப்பிடாமல் கிடந்தால் திட்ட வேண்டும். கடைசியில் அவருடைய கதை பத்திரிகையின் தேர்வுக் கூட்டத்தில் தேற வேண்டும்.

இப்போதைய ஆள் உகாய். ஐம்பதை நெருங்குகிறவர். ஹாச்சியோஜியில் ஒரு முதியோர் இல்லத்தில் வாரத்தில் இரண்டு நாள் பெரியவர்களைக் குளிப்பாட்டும் வேலை, மற்ற நாளெல்லாம் படம். கூட்டம் அவர் கதையை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து முழுநேரமாக வந்துவிடச் சொல்லி இல்லத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த முறையும் போனால் அந்த முழுநேர வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பென்சிலை மூட்டைகட்டிவிடுவதாக அவர் சொல்லியிருந்தார். வீம்புக்காகச் சொல்லவில்லை. வாடகை கொடுக்க வேண்டியவர்.

கூட்டம் வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை மதியம் குவாபரா அவர் பென்சிலில் வரைந்து அனுப்பிய தாள்களை வைத்துக்கொண்டு சமையலறைக்குள் நடந்துகொண்டிருந்தாள். 'நன்றாக இருக்கிறது, கொடுத்துவிடலாம்' என்று முந்தின நாளே போனில் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

தங்கை மிசுஹோ டாக்சி கம்பெனியில் போன் எடுக்கிறவள். காலை ஷிஃப்ட் முடிந்து வந்து சூப்பில் நூடுல்ஸைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ஒண்ணு உக்காரு, இல்ல வெளிய போ. நீ நடக்குற நடைல என் சூப்பு சிந்துது."

"இதப் படி."

"சாப்பிடறப்பவா?"

"சாப்பிட்டுக்கிட்டே படி. கடையில ஓசியில நின்னு படிக்கிறவங்க மாதிரி."

படிக்கிறவரின் முகத்தை குவாபரா பார்ப்பதில்லை. முகம் மரியாதைக்காக எதையாவது காட்டும். கையைத்தான் பார்ப்பாள். மிசுஹோவின் இடது கை மளமளவென்று தாளைத் தள்ளியது. மலையூர் பஸ், அதை ஓட்டும் பெண், மழை. பாதிக்கு மேல் போனதும் கை நின்றது. ஒரு தாள் பின்னால் போனது. பிறகு இன்னொன்று.

குவாபராவின் நடை நின்றது.

"இந்தப் பொம்பள எதுக்கு நடுக்காட்டுல பஸ்ஸ நிறுத்துறா? டீசல் தீந்துபோச்சா?"

"அவ புருஷன் தெனமும் ஏறுற ஸ்டாப் அங்கதான் இருந்துச்சுடி. அவர் செத்தப்புறம் ஏற ஆளில்லன்னு அதப் புடுங்கிட்டாங்க."

"எங்க போட்டிருக்கு?"

குவாபரா தாள்களைப் பிடுங்கித் தேடினாள். எங்கேயும் இல்லை. அது ஒரு நாள் காலை உகாய் போனில் சொன்னது. அன்றிலிருந்து அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் காதில் கேட்டதையும் சேர்த்துப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். தினமும் அவரைப் போனில் கதையைப் பற்றிப் பேச வைத்ததும் அவள்தான். முன்பு கூட்டம் திருப்பி அனுப்பியபோது, அவர்களுக்குப் படிக்கத் தெரியவில்லை என்று அவரிடம் ஏசியதும் அவள்தான்.

ஹாச்சியோஜி போகும் ரயிலில் உட்கார இடம் இருந்தது. அவள் கதவோரமாகவே நின்றாள்.

உகாய் முதியோர் இல்லத்தின் பின்வாசலுக்கு ரப்பர் பூட்ஸோடு வந்தார். விரல்கள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.

"போன்ல சொல்லியிருக்கலாமே, குவாபரா-சான். குளிக்க ஆள் வரிசையா காத்திருக்காங்க."

"போன்தான் வம்பே, சென்செய்." ஆசிரியர், டாக்டர், படம் வரைகிறவர் எல்லோருக்கும் பொதுவான மரியாதைச் சொல் அது.

"இங்க வந்து சென்செய்னு கூப்பிடாதீங்க. டாக்டர் வந்துட்டார்னு நெனச்சு உள்ள இருக்குற தாத்தா நாக்க நீட்டிடுவார்."

அவள் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னாள். அவர் ஏப்ரனில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நேத்து நல்லாயிருக்குன்னு சொன்னீங்க."

"எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. நீங்கதான் முழுக்கதையும் எனக்குச் சொல்லிட்டீங்களே."

"அப்ப அவ வாயாலயே சொல்ல வெச்சிடலாமா? இங்கதான் என் புருஷன் ஏறுவாருன்னு."

நான்கைந்து வழிகள் குவாபராவின் நாக்கு நுனிவரை வந்தன. அவள் பல்லைக் கடித்தாள். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சொன்னா அதுவும் எனக்குத் தெரிஞ்சதாயிடும். அப்புறம் எந்தக் கண்ணால படிக்கிறது? நீங்களும் சொல்லாதீங்க. போன் வேண்டாம். வரைஞ்சு தபால்ல போடுங்க."

"வியாழக்கிழமை?"

"இந்தக் கூட்டத்துக்கு இதக் குடுக்கப் போறதில்ல. அடுத்த கூட்டம் அடுத்த மாசம்."

"அதுக்குள்ள நான் கையெழுத்துப் போட்டாகணும்."

"தண்ணி ஆறுது" என்று அவர் உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு அவளுக்கு வீடு கொள்ளவில்லை. ஃப்ரிட்ஜைக் காலி செய்து கழுவினாள். கழுவியதையே மறுபடியும் கழுவினாள். போனை எடுப்பாள், வைப்பாள். ஒரு நாள் மிசுஹோ அந்தப் போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டாள். "கேட்டாத் தரேன். ஆனா கேக்காத." உகாய் கையெழுத்துப் போட வேண்டிய நாள் வந்தது, போனது. ஒரு செய்தியும் இல்லை.

உகாயிடமிருந்து தபால் உறை வந்தபோது குவாபரா கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று படித்தாள்.

மூன்றாவது பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் புதிதாக இருந்தது. சாலையோரத்தில் வட்டமான சிமெண்ட் அடிப்பாகம். கம்பத்தைப் பிடுங்கிய குழியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. பஸ் அதைக் கடந்து போகிறது. பேச்சுக் குமிழே இல்லை. பாதிக்கு மேல், பஸ் காட்டு நடுவில் நிற்கிறது. கதவு திறக்கிறது. படிக்கட்டு விளக்கின் வெளிச்சம் அந்தச் சிமெண்ட் மேல் விழுகிறது. யாரும் ஏறவில்லை. பெண் கதவை மூடுகிறாள்.

குவாபராவின் கை பின்னால் போகவில்லை.

மிசுஹோவிடம் கொடுத்தாள். அவள் ஒரு கையில் சாப்ஸ்டிக்கோடு கடைசித் தாள்வரை போனாள். அப்புறம் நூடுல்ஸைப் பார்த்து, "ஊறிக் கூழாயிடுச்சு" என்று முகத்தைச் சுளித்தாள். "போன் அரிசி டப்பாவுல இருக்கு."

மணி ஒலித்ததுமே உகாய் எடுத்துவிட்டார்.

"இதக் கூட்டத்துக்குக் கொண்டுபோறேன், சென்செய். கையெழுத்து?"

"போட்டுட்டேன்."

குவாபரா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"வாரத்துக்கு மூணு நாள்னு எழுத வெச்சுப் போட்டேன்" என்றார் உகாய். "முழுநேரம்னா முதுகு போயிடும், அப்புறம் உங்களுக்குக் குளிப்பாட்டவும் ஆளிருக்காதுன்னு சொன்னேன். யோசிச்சிட்டு சரின்னுட்டாங்க. வாடகைக்குப் போதும். மிச்ச நாலு நாள் வரைவேன்."

"இத மொதல்லயே கேட்டிருக்கலாமே."

"நீங்க பாக்குறப்பல்லாம் வேலைய விடுங்க, விடுங்கன்னீங்க. அவங்க முழுசா வாங்கன்னாங்க. நடுவுல ஒண்ணு இருக்குன்னே தோணல."

அவர் சொன்னது சரிதான்.

"அடுத்த கதை ஒண்ணு மனசுல ஓடுது, குவாபரா-சான். ஒரு ஊர்ல அக்கா தங்கச்சி ரெண்டு பேரு..."

"வாய மூடுங்க" என்றாள் குவாபரா. "வரைஞ்சு அனுப்புங்க."

போனை வைத்துவிட்டு எழுந்து மறுபடியும் நடக்க ஆரம்பித்தாள்.