மச்சானைச் சாகடித்த மேடை

தூத்துக்குடியில் எங்கள் தெருவார் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செபமாலையைச் சொல்லும் வேகத்திலேயே தெரிந்துவிடும், டிவியில் பாட்டுப்போட்டி தொடங்கப்போகிறது என்று. கண்ணாடித் தரை, நிறம் மாறும் விளக்குகள், புகை. வாயைப் பிளந்துகொண்டு பார்ப்போம். அந்த மேடையில் என் தங்கச்சி மகளே பாடப்போகிறாள் என்றதும் தெருவுக்கே தலைகால் புரியவில்லை.

வீட்டைப் படம்பிடிக்க டிவிக்காரர்கள் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். பிள்ளையின் அப்பாவை, அதாவது என் மச்சானை, படகில் கடலுக்குப் போகச் சொன்னார்கள்.

"ஞாயித்துக்கிழம நாங்க கடலுக்குப் போவ மாட்டோம் சார். நாளைக்கு வாங்க."

நாளைக்கு வர அவர்களுக்கு ஏது நேரம்? பூசையில் பாடிவிட்டு, பாடகர் குழுவின் வெள்ளைச் சேலையைக்கூட மாற்றாமல் நின்ற என் தங்கச்சியைக் கரைக்குக் கூட்டிப்போய், கடலையே பார்க்கச் சொன்னார்கள். உச்சி வெயிலில் அவளுக்குக் கண் கலங்கியது. அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

சென்னைப் படப்பிடிப்புக்குப் பிள்ளையின் அம்மாவும் மாமாவான நானும் வந்தால் போதும் என்றார்கள். ஏன் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. பிள்ளை பாடுவதற்கு முன் பெரிய திரையில் அந்த வெள்ளைச் சேலை வந்தது, சோகமான புல்லாங்குழலோடு. "அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு..." என்று ஒரு குரல் தழுதழுத்தது. நடுவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். பிள்ளை மலங்க மலங்க விழித்தாள். எனக்கு ரத்தம் கொதித்தது. கட்டிய புருஷன் உயிரோடு இருக்கும்போது, கைத்தட்டலுக்காக என் தங்கச்சியின் தாலியை அறுக்க இவர்கள் யார்?

தங்கச்சி தொகுப்பாளரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினாள். "எம் மாப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல. அவிய வீட்டுல குத்துக்கல்லாட்டம் இருக்காவ!"

ஒரு பெண் ஓடிவந்து அவள் தோளைத் தட்டினாள். "எடிட்ல சரி பண்ணிடுவோம் மேடம்."

நாங்களும் நம்பினோம். ஒளிபரப்பான அன்று தெருவே எங்கள் வீட்டில் கூடியது. மச்சான் புதுச்சட்டை போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சேலை வந்தது, புல்லாங்குழல் வந்தது, கடல் கொண்டுபோன அப்பாவும் வந்தார். தங்கச்சி பேசியதை மட்டும் காணோம். அதைத்தான் சரி பண்ணியிருக்கிறார்கள், பாவிகள்!

வீட்டில் ஒருவரும் மச்சான் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ரிமோட்டை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆஃப் பண்ணாதிய மச்சான். இனிமேதான் பிள்ள பாடப்போறா."