இடக்கைக் கத்தி

அக்கா உலையில் காய்ச்சி அடித்த முதல் கத்தி சூட்டோடு தண்ணீருக்குள் போன கணத்தில் ‘டிங்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. கண்ணாடிக் கோப்பையில் கரண்டி தட்டுப்பட்டதுபோல, அவ்வளவுதான். பட்டறைக்காரனின் முகம் சுருங்கிவிட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால் அலகின் நடுவில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. எத்தனையோ சனிக்கிழமைகளின் வேலை அது. அக்கா வெடிப்பை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என்னிடம், “அத்தானுக்குச் சொல்லிப்போடாதை” என்றாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஊரைவிட்டு வெளிநாடு வந்திருந்தோம். நான் எல்லர்ஸ்லியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டு, மங்கரேயில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அத்தான் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுபவர். அக்கா ஒரு ஜப்பானிய உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவினாள். கழுவுகிற இடத்திலிருந்தே மீன் வெட்டுகிறவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள்போல. ஒருநாள் ஆள் குறைந்தபோது ஒரு மீனைத் துப்புரவாக்கிக் கொடுத்திருக்கிறாள். அதைப் பார்த்த தலைமைச் சமையல்காரர், வெட்டும் மேசையில் ஓர் இடம் காலியாகப் போகிறது, வருவதானால் வா, ஆனால் இங்கே அவரவர் கத்தியை அவரவர்தான் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அதில்தான் சிக்கல். அக்காவுக்கு இடக்கைப் பழக்கம். அவர்கள் மீன் வெட்டும் கத்தி ஒரு பக்கம் மட்டும் சரித்துத் தீட்டியது, வலக்கைக்காரருக்கென்றே செய்தது. இடக்கையில் பிடித்தால் முள்ளை ஒட்டி ஓடாமல் சதைக்குள் சரிந்துவிடும். ஜப்பானில் சில காலம் தொழில் பழகிவந்த ஒருவன் கிளென்ஃபீல்டில், வீட்டுக் கராஜில் உலை வைத்திருப்பதாகச் சமையல்காரர் சொல்ல, துறைமுகப் பாலத்தைக் கடந்து அங்கே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பட்டறைக்காரன் அக்காவைவிட இளையவன், கூச்ச சுபாவம். இடக்கைக்கு இதுவரை செய்ததில்லை என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, “நீங்களே வந்து என்னோடு சேர்ந்து அடியுங்களேன். உங்கள் கைக்குத்தானே தெரியும்” என்றான். கத்தி சொல்லிச் செய்விக்கப் போனவள் சுத்தியலோடு நின்றாள்.

அத்தானுக்கு இது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பது சிறிய சொல். ஊரில் அவர் ஒருமுறை வீட்டுக்கென்று வாங்கிய கத்தியைப் பத்திரிகைத் தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வந்தபோது, இராணுவச் சோதனைச் சாவடியில் நின்றவர்கள் அதை எடுத்து மேசையில் போட்டுவிட்டு அவரை உள்ளே கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தவர் அங்கே நடந்ததை யாரிடமும் கதைக்கவில்லை. எங்கள் வீட்டில் பல் வைத்த சிறிய மேசைக் கத்தி ஒன்றைத் தவிர வேறு கத்தி கிடையாது. பூசணிக்காய்கூட அதால்தான் வெட்டுப்பட்டது.

“நீர் எங்க வேணுமெண்டாலும் வேலை செய்யும்,” என்றார் அத்தான். “ஆனா அந்தச் சாமான் இந்த வாசல்படி தாண்டக்கூடாது.”

“அது மீன் வெட்டுற கத்தியப்பா.”

“அண்டைக்கு என்னட்ட இருந்ததும் மீன் வெட்டுற கத்திதான்.”

அக்கா அதற்குமேல் வாதாடவில்லை. போவதையும் நிறுத்தவில்லை. முதல் கத்தி வெடித்த அடுத்த சனிக்கிழமையே புதிதாக இரும்பையும் உருக்கையும் சேர்த்து ஒட்டத் தொடங்கினாள். கைகள் கொப்புளித்துக் காய்த்துப்போயின. அத்தான் அந்தக் கைகளுக்கு மருந்து பூசிவிடுவார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் எழும்பிப் போய்விடுவார்.

இரண்டாவது கத்தியைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கும் நாளில் என் கார் பழுது. அத்தான்தான் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். காருக்குள்ளேயே இருக்கிறேன் என்றவர், மழை கண்ணாடியை மறைக்கத் தொடங்கியதும் எதை நினைத்தாரோ, உள்ளே வந்து சுவரோரம் நின்றார். அலகு ஒரே சீராக ஆறவென்று அக்கா அதில் களிமண் பூசி முடித்திருந்தாள். சூட்டின் நிறம் கண்ணுக்குத் தெரிய இருட்டு வேண்டும். பட்டறைக்காரன் கதவை இழுத்து மூடிவிட்டு, விளக்குச் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்ற அத்தானிடம், அணைக்கும்படி கை காட்டினான். அத்தான் ஒரு கணம் தயங்கினார். பூட்டிய அறையும் இருட்டும் அவருக்கு என்னவென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எழும்புவதற்குள் அவரே அணைத்துவிட்டார்.

கரி நெருப்புக்குள் அலகு மெல்லச் சிவந்தது. அக்காவின் முகம் மட்டும் அந்த வெளிச்சத்தில் தெரிந்தது. நிறம் வருமுன்பே அவள் அலகை வெளியே இழுக்கப் பார்த்தாள்.

இருட்டிலிருந்து அத்தானின் குரல் வந்தது. “அவசரப்படாதையும். நான் இஞ்சதான் நிக்கிறன்.”

அக்கா நிறம் வரும்வரை பொறுத்துக் கத்தியைத் தண்ணீருக்குள் இறக்கினாள். சீறிய ஆவி அடங்கும்வரை நாங்கள் நால்வரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். கூரையில் மழை பெய்யும் சத்தம் மட்டும் கேட்டது.

பின்னொரு நாள், அத்தானும் கூட வந்திருந்தபோது, தீட்டிப் பிடி போட்டு முடிந்ததும் பட்டறைக்காரன் கத்தியைப் பத்திரிகைத் தாளில் சுற்றி நீட்டினான். அக்கா அத்தானைப் பார்த்தாள். “வேலையிடத்திலயே வைக்கிறன்” என்றாள். அவர் பொதியை வாங்கினார். தாளைப் பிரித்து மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்தார். வெறும் கத்தியை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

“ஒளிக்கத் தேவையில்லை. வீட்டுக்குக் கொண்டு வாரும்.”

அக்கா வெட்டும் மேசைக்குப் போனாள். சில வருடங்களில் அந்தச் சமையலறையில் மற்றவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவளாகவும் ஆனாள். அதையெல்லாம்விட எனக்கு நன்றாக நினைவிருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அத்தான் முழு மீன் ஒன்று வாங்கிவந்து, அக்காவின் கத்தியால் தானே வெட்டப் பார்த்தார். அவருடைய வலக்கையில் அது கோணல்மாணலாகப் போனது. மீன் கந்தலாகிவிட்டது. அக்கா சிரித்தாள். அவரும் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டார்:

“எனக்கும் ஒண்டு அடிச்சுத் தருவீரோ?”

“ஓம். ஆனா நீங்களும் வந்து அடிக்கவேணும்.”

அடுத்த சனிக்கிழமை இருவரும் காரில் ஏறினார்கள். அத்தான் ஓட்டினார். என்னை வரச்சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லை.