வில்மா கழுவச் சொன்ன பதினோரு புள்ளிகள்

ரோலிக்கு எட்டு வருஷக் கோபம். செம்மறிக் கொட்டகையில் கம்பளி ரகம் பிரித்துக்கொண்டிருந்த அவன் மனைவி நோரீன், ஊருக்கு வந்த புற்றுநோய்ப் பரிசோதனை வண்டியில் மார்பகப் படம் எடுத்துக்கொண்டாள். ‘ஒன்றுமில்லை, இரண்டு வருஷம் கழித்து வாருங்கள்’ என்று சிட்னியிலிருந்து கடிதம் வந்தது. பதினான்காம் மாதம் கட்டி கையில் தட்டுப்பட்டது. அடுத்த குளிர்காலத்தில் புதைத்தார்கள். படம் பார்த்த இரண்டு டாக்டர்களும் டீ குடித்துக்கொண்டே பார்த்திருப்பார்கள் என்பது ரோலியின் முடிவு. அதை யாராலும் அசைக்க முடியவில்லை.

அவள் இறந்த மறுமாதம் அந்த வண்டி மறுபடி அவர்கள் ஊரான கோபாருக்கு வந்து கண்காட்சி மைதானத்தில் நின்றது. ரோலி போய்ப் படியில் நின்று வாய்க்கு வந்தபடி கத்தினான். உள்ளே படம் எடுப்பவள் வில்மா. குட்டையான பெண்பிள்ளை, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். அவன் ஓயும்வரை கேட்டாள்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“பொண்டாட்டி பேரும் பொறந்த தேதியும் சொல்லு.” எழுதிக்கொண்டாள். “பெரிய வண்டி ஓட்ட லைசன்ஸ் வச்சிருக்கியா? எங்க டிரைவர் நேத்து நின்னுட்டான்.”

அன்றிலிருந்து அந்த வண்டியை லாரியில் பூட்டி ஊர் ஊராக இழுப்பவன் ரோலி.

வில்மாவுக்குப் பெண்களின் பெயர் மறந்துவிடும்; அவர்கள் வளர்க்கும் நாயின் பெயர் மறக்காது. சில்லிட்ட தட்டில் யாரும் மார்பை வைக்கக் கூடாதென்று, வெந்நீர்ப் பையை வைத்துத் தட்டைச் சூடாக்கிவிட்டுத்தான் கூப்பிடுவாள். அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. கொட்டகைப் பெண்கள் வேர்க்குருவுக்கு மார்புக்கடியில் ஜிங்க் களிம்பு அப்பிக்கொள்வார்கள். படத்தில் அது வெள்ளைப் புள்ளிகளாக விழும், புற்றுநோயின் தொடக்கத்தில் தெரியும் சுண்ணாம்புத் துகள்களைப் போலவே. மற்றவர்கள் ஓரத்தில் ‘களிம்பு’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். வில்மா எழுத மாட்டாள். சோப்பும் வெந்நீரும் கொடுத்து மறுபடி எடுப்பாள். அந்த வெந்நீரைச் சுமப்பது ரோலி.

“இது ஆஸ்பத்திரியா குளியலறையா?” என்பான்.

“ரெண்டும்தான். தூக்கு.”

போன வருஷம் கம்ப்யூட்டர் வந்தது. டாக்டர்களுக்கு முன்னால் அதுதான் படத்தைப் படிக்கும். சந்தேகப்பட்ட இடத்தில் வட்டம் போடும்.

“டாக்டர் டீ குடிப்பான். இது என்ன குடிக்கும்?” என்று ரோலி கேட்டான்.

“கரண்ட்டு. கப் கழுவற வேலையும் இல்ல.”

அந்தச் சுற்றில் ரோலியின் அக்கா பெரில் வந்தாள். ஆட்டுமயிர் கத்தரிக்கிறவர்களுக்குச் சமைப்பவள். கம்ப்யூட்டர் பதினோரு வட்டம் போட்டது. வில்மா சிரித்தாள். “களிம்பு. கழுவிட்டு வா.” கழுவி எடுத்ததில் பத்துப் போயின, ஒன்று நின்றது. மறுபடி கழுவச் சொன்னாள்.

“நான் என்ன அடுப்புல வைக்கப்போற கோழியா, எத்தனை தடவைதான் கழுவுவீங்க?” என்று கத்திவிட்டு, பெரில் கதவு வழியாகத் தலையை நீட்டினாள். “டேய் ரோலி, பதினாலு பேருக்குச் சோறு ஆக்கணும்டா. இவளைச் சீக்கிரம் விடச் சொல்லு.”

மூன்றாவது படத்திலும் வட்டம் அதே இடத்தில். வில்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள், கழற்றிப் பார்த்தாள். “எனக்கு ஒண்ணும் தெரியல. அதுக்கு ஏதோ தெரியுது. அப்படியே அனுப்பறேன்.”

ஒரு டாக்டர் ஒன்றுமில்லை என்றார், இன்னொருவர் சந்தேகப்பட்டார், மூன்றாமவர் கூப்பிட்டனுப்பினார். பார்லி மணி அளவில் புற்றுநோய். வெட்டி எடுத்தார்கள். மூன்று மாதத்தில் பெரில் அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். அவள் சுடும் இறைச்சி முன்பு போலவே வறண்டுதான் இருக்கிறது.

வில்மா ஓய்வு பெறும் நாள், வண்டி பர்க் என்ற ஊரில் நின்றபோது வந்தது. கடைசிப் பெண்ணும் போனபின், அத்தனை நாள் தொண்டையில் வைத்திருந்ததை ரோலி கேட்டான்.

“நோரீன் படத்தை அந்தக் கம்ப்யூட்டர்ட்ட காட்ட முடியுமா? அந்த டாக்டருங்க கோட்டை விட்டாங்களான்னு எனக்குத் தெரியணும்.”

வில்மா படியில் உட்கார்ந்தாள்.

“காட்டிட்டேன். ஒம்பது வட்டம் போட்டுது. களிம்பு எது கேன்சர் எதுன்னு அதுக்கும் தெரியாது, ரோலி. ஆனா ஒண்ணையும் விடல. ஒம்பதையும் விட்டது நான். ஓரத்துல ‘களிம்பு’ன்னு இருக்கறது என் கையெழுத்து. அதைப் பாத்துதான் டாக்டருங்க தள்ளிவிட்டாங்க. அதுல ஒண்ணு, கட்டி வந்த அதே இடம்.”

“எப்பத் தெரியும்?”

“நீ கத்தினியே, அன்னைக்கே எடுத்துப் பாத்தேன். சொல்லத் தைரியம் வரல.”

ரோலி போய் லாரியின் முன்பக்கம் நின்றான். எட்டு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்த டாக்டர்கள் கையை விட்டுப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது இந்தப் பெண்பிள்ளை. இவளைத் திட்ட வாயைத் திறந்தால், இன்றும் அடுப்படியில் உயிரோடு கத்திக்கொண்டிருக்கும் பெரிலின் சத்தம் நினைவுக்கு வந்தது. இத்தனை ஊரில், இத்தனை வாளி வெந்நீர் எதற்கென்று இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. சக்கரத்தை ஒரு உதை உதைத்தான்.

வில்மா பையை எடுத்துக்கொண்டு வந்தாள். தோளைத் தொடவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

“புதுசா வர்றவ கெட்டிக்காரிதான், ஆனா அவசரக்காரி. ‘களிம்பு’ன்னு எழுதித் தள்ளிடுவா. எந்த ஊர்ல நிறுத்தினாலும் படியை இறக்கறதுக்கு முன்னாடி வெந்நீரை வச்சிடு, ரோலி. அவ கேக்கலன்னாலும் வை.”